ஆறும் ஊரும் – 9: முகிலில் விதைத்தல்

பட்டிப்பளை ஆறு பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பிறந்து, இங்கினியாகலையில் அணையுண்டு, சேனாநாயக்க சமுத்திரமாக விரிவதைச் சென்ற வாரம் கண்டோம். 770,000 ஏக்கர் அடி நீரைக் கொள்ளவல்ல அச்சமுத்திரம் மாரியில் நிரம்பாது போன வருஷங்களில், சிறுபோகத்துக்கு எந்த வட்டைக்கு நீர், எந்த வட்டை தரிசு என்று ஆரம்பக் கூட்டங்களில் எழும் வாக்குவாதத்தை அக்கரைப்பற்றில் அறியாதார் இல்லை. அத்தகைய கோடையொன்றில், மலைநாட்டில் விமானமேறி மழை பெய்வித்த சம்பவத்தைத் தேநீர்க் கடையில் நான் விஸ்தாரமாக வர்ணித்துக்கொண்டிருந்தபோது, அதுவரை வாய் திறவாதிருந்த முதிய போடியார் ஒருவர், வெளுத்துக் கிடந்த வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "முகிலே இல்லையே மனே, எதுல விதைக்கிற?" என்றார்.

நான் வர்ணித்த சம்பவம் 2019 மார்ச் 22ஆந் திகதி நிகழ்ந்தது. நீர்மின் உற்பத்திக்கு ஆதாரமான நீர்த்தேக்கங்கள் வரட்சியால் வற்றிக்கொண்டிருந்த வேளையில், தாய்லாந்தின் தொழில்நுட்ப உதவியோடு, இலங்கை விமானப்படையின் வை-12 விமானமொன்று களனி கங்கையின் தலைப்பகுதியிலுள்ள மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின்மேற் பறந்து முகில்களில் இரசாயனம் தூவிற்று. அதன்பின் முக்கால் மணி நேரம் மழை பெய்ததாக அறிவிக்கப்பட்டது.

தாய்லாந்துக்கு இவ்வித்தை புதியதன்று. 1955இல் தம் நாட்டின் வடகிழக்குப் பிரதேசத்தில் பிரயாணஞ் செய்த பூமிபோல் மன்னர், தலைக்குமேல் முகில்கள் திரண்டு திரண்டு கடந்துபோக நிலமோ வெடித்துக் கிடந்ததைக் கண்டு கொண்ட எண்ணமே, 1969 ஜூலையில் காவோ யாய் வனப்பகுதியில் முதற் பரீட்சையாக உருப்பெற்றது. கிளறுதல், கொழுக்கவைத்தல், தாக்குதல் என்று அவர்கள் அதை மூன்று படிகளாக வகுத்திருக்கிறார்கள். கிடா வளர்ப்போனின் பாஷைபோல் ஒலித்தாலும் விஷயம் பௌதிகமே. ஒரு மழைத்துளி உருவாக ஏறத்தாழ பத்து இலட்சம் முகில்துளிகள் ஒன்றுகூடவேண்டும். உப்புத்தூள் ஈரத்தை ஈர்த்துப் பருத்து, ஏனைய துளிகளை மோதித் தன்னுள் சேர்த்துக்கொண்டு கீழிறங்குகிறது. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாது நிற்கும் முகில்களுக்கு, 1946இல் அமெரிக்காவில் ஷேஃபர் பயன்படுத்திய உலர்பனிக்கட்டியோ, அவருடைய சகாவாகிய வானகட் கண்டறிந்த சில்வர் அயடைடோ பிரயோகிக்கப்படும். எதைத் தூவினாலும், இல்லாத முகிலை அது சிருஷ்டிப்பதில்லை.

போடியார் விஞ்ஞானம் படித்தவரல்லர். ஆயினும் அவர் கேட்ட கேள்வியே இவ்விஷயத்தின் மூலக்கேள்வி. மார்ச் மாதத்தில், பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலத்தில், மலைநாட்டின்மேல் பிற்பகல்தோறும் முகில்கள் குவிந்தெழுவது இயல்பு. நமக்கு நீர் தேவைப்படும் ஜூலை, ஆகஸ்டிலோ, தென்மேற்குக் காற்று தன் மழையை மலையின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, இப்பக்கம் இறங்கும்போது சூடேறிக் கச்சானாக வீசி, எஞ்சிய முகிலையும் கரைத்துவிடுகிறது.

மவுசாக்கலையில் பெய்த மழை, விமானம் பறவாதிருப்பினும் பெய்திருக்குமன்றோ என்ற சந்தேகத்தை ஒருநாட் பரீட்சை தீர்க்காது. அதைத் தீர்க்க முயன்றவர்கள், புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தினர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவிலே, ஏறக்குறைய நம்மைப் போலவே வாழும் சோலாப்பூரில், 276 முகில்களைத் தேர்ந்து, சிலவற்றில் தூவியும் சிலவற்றைத் தூவாது விட்டும் ஒப்புநோக்கி, மழை சுமார் 18 சதவீதம் கூடிற்று என்று கண்டார்கள். சிறிய இலாபமென்று தள்ளிவிடத்தக்கதன்று; ஆனால் அதுவும் முகிலுள்ள காலத்துக் கணக்கே.

ஆகவே பட்டிப்பளைக்கு இவ்வித்தை உதவுமாயின், மாரியில், மேலேயுள்ள நீரேந்து மலைகளின்மீது விதைத்து, சமுத்திரத்தை முன்கூட்டியே நிரப்பிக்கொள்வதற்கே உதவும் என்பது என் அபிப்பிராயம். மறுமுறை கண்டபோது இதைப் போடியாரிடம் சொன்னேன். 2011 ஜனவரி வெள்ளத்தில் கதிரும் வரம்பும் தெரியாமல் வட்டை முழுவதும் கடலாய்க் கிடந்ததைக் கண்ணாற் கண்டவர் அவர். தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையை வைத்துவிட்டுத்தான் பேசினார்: "அதுவும் சரிதான் மனே. மலைக்கெண்டு நீங்க விதைச்ச முகில், கதிர் முத்துற நேரத்துல இஞ்சால வந்து கொட்டினா, அந்த வெள்ளாமைக்கு ஆர் பொறுப்பு?"