ஸ்டேஷன் வேகனை வெட்டினால் பிக்கப் ஆகுமா?

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய லேண்ட் குரூசரின் கூரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "என்ன பண்றீங்க?" என்று வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன். "இதுக்குப் பின்னாடி இருக்கிறதெல்லாம் வேண்டாம்" என்றார். மெல்பர்னில் இத்தனை வருஷம் இருந்ததில் இந்த ஊர்க்காரர்களின் கிறுக்குத்தனம் ஓரளவு பழகிவிட்டது. ஆனாலும் ஒரு முழு வண்டியைக் குறுக்காக அறுப்பது என்பது எனக்குப் புதுசு.

அவர் ரிட்டயர் ஆன ஃபிட்டர். வண்டி 1985 மாடல், எச்ஜே60. நான்கு லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல் இஞ்சின். இஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. உடம்பின் பின்பாதிதான் துருப்பிடித்து அப்பளமாகியிருந்தது. சக்கர வளைவு, பின் ஜன்னல் ஓரம், டெயில்கேட் எதைத் தொட்டாலும் விரல் உள்ளே போகிற நிலை. 60 சீரிஸ் வண்டிகளுக்கு இது பிறவி வியாதி. ரெஜிஸ்ட்ரேஷன் காலாவதியாகிவிட்டதால், மறுபடி பதிவு பண்ண ரோட்வர்த்தி சான்றிதழ் வேண்டும். துருவைச் சரிபண்ண ஆகும் செலவோ வண்டியின் விலையை விட அதிகம். ஆக, ஒன்று காயலான் கடை. இல்லையென்றால் கெட்டுப்போன பாதியை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல பாதிக்குப் பின்னால் ஒரு சரக்குத் தொட்டியை வைப்பது. மனுஷர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டார். விறகு ஏற்ற வண்டி வேண்டும், புதுசு வாங்கக் காசில்லை என்பது அவர் கணக்கு.

நான் மென்பொருள்காரன். காலேஜில் படித்த ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் இருபது வருஷமாகத் தூசி படிந்து கிடந்தது. அதைத் தட்டி எடுக்க ஒரு சாக்கு கிடைத்ததே என்று நானும் ஒட்டிக்கொண்டேன்.

இந்த ஊரில் இப்படிப்பட்ட வண்டியை 'யூட்' என்பார்கள். யூட்டிலிட்டி என்பதன் சுருக்கம். இதன் பிறப்பே மெல்பர்னுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜீலாங்கில்தான். 1930களின் தொடக்கத்தில் ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு நனையாமல் போகணும், திங்கட்கிழமை அதே வண்டியில் பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகணும், அப்படி ஒரு வண்டி செய்து தரமுடியுமா என்று. அங்கே டிசைனராக இருந்த லூ பாண்ட் என்பவர், காரின் முன்பாதியையும் சரக்குத் தொட்டியையும் ஒரே உடம்பாக இணைத்து வரைந்தார். 1934-ல் அது விற்பனைக்கு வந்தது. பாண்ட் 1987-ல் ஒரு சாலை விபத்தில் இறந்தார். அன்று அவர் ஓட்டிக்கொண்டிருந்தது, தானே புதுப்பித்து வைத்திருந்த ஒரு 1934 யூட்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எல்லா வேகனையும் இப்படி வெட்டலாமா? முடியாது. முதலில் பார்க்க வேண்டியது அடியில் தனி சேஸிஸ் இருக்கிறதா என்பதை. லேண்ட் குரூசர் 60-ல் ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம் முன்னாலிருந்து பின்னால் வரை ஓடுகிறது. இஞ்சின், அச்சு, ஸ்பிரிங் பட்டை எல்லாம் அதில்தான் மாட்டியிருக்கும். மேலே இருக்கும் உடம்பு ரப்பர் மவுண்ட்களின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெட்டி, அவ்வளவுதான். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இப்படித் தனி சேஸிஸ் கிடையாது. தகர உடம்புதான் எலும்பு, அதுதான் தோல்.

இரண்டாவது வகையை வெட்டினால் என்ன ஆகும் என்று தெரிய வீட்டிலேயே ஒரு சோதனை பண்ணலாம். ஒரு பிவிசி பைப் துண்டை எடுத்து இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்க. அசையாது. இப்போ அதை நீளவாக்கில் ஒரே ஒரு கீறலாக அறுத்துவிட்டு முறுக்குங்க. ரப்பர் மாதிரி வளையும். பொருள் ஒரு கிராம்கூடக் குறையவில்லை, வளையம் மட்டும் திறந்துவிட்டது. மெல்லிய சுவர் கொண்ட வட்டக் குழாய்க்குக் கணக்கு சுலபம். மூடிய குழாயின் முறுக்கு விறைப்பு, திறந்ததை விட 3 × (ஆரம் ÷ தடிமன்)² மடங்கு அதிகம். ஆரம் 25 மி.மீ., தடிமன் 2 மி.மீ. என்றால் சுமார் 470 மடங்கு! கார் உடம்பு வட்டக் குழாய் இல்லைதான், ஆனால் விஷயம் இதே. கூரை, தூண்கள், தரை சேர்ந்து வளையங்களாக இருக்கும்வரைதான் அதற்கு பலம்.

ஜீப் கம்பெனி தன் செரோக்கி வேகனிலிருந்து கொமான்சி என்ற பிக்கப்பை 1986 மாடலாகக் கொண்டு வந்தபோது இதே பிரச்னை வந்தது. செரோக்கிக்குத் தனி சேஸிஸ் இல்லை. அதனால் கேபினுக்குப் பின்னால் கனமான சட்டத்தைச் சேர்த்து, வீல்பேஸையும் நீட்டி, தொட்டியைத் தனியாக அதன்மேல் போல்ட் போட்டார்கள். ஒரு கம்பெனியே அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது. வீட்டுக் கொல்லையில் கிரைண்டரை வைத்துக்கொண்டு அதைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

எங்கள் வண்டிக்கு சேஸிஸ் இருந்தது. ஆகவே வண்டி இரண்டாக மடியாது. ஆனால் கேபின்? அதில் ஆள் உட்காருகிறாரே.

இதற்காகத்தான், வெட்டுவதற்கு முன்னால் அனுமதிக் காகிதத்தைப் பார்க்கலாம் என்று நான் நச்சரித்தேன். அவர் முகத்தைச் சுளித்தார். ஆஸ்திரேலியாவில் இப்படி வண்டியை மாற்றுவதற்கு விஎஸ்பி 14 என்று ஒரு தேசிய வழிகாட்டி இருக்கிறது. விக்டோரியா மாநிலத்தில் 'வாஸ்' திட்டத்தின்கீழ் அங்கீகாரம் பெற்ற ஒரு இஞ்சினியர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் போய்ப் பார்த்த இஞ்சினியர் வரைபடத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "சீட் பெல்ட் எங்கே மாட்டியிருக்கு?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. டிரைவரின் பெல்ட், முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே உள்ள தூணில் மாட்டியிருக்கிறது. வேகனில் அந்தத் தூண் நட்டநடுவில் இருப்பது. முன்னும் பின்னும் கூரை பிடித்துக்கொள்ளும். சிங்கிள் கேபினாக வெட்டினால் அதே தூண் கடைசித் தூண் ஆகிவிடும். மோதும்போது ஆளின் பாரம் முழுவதையும் அது தாங்கணும். சாக்பீஸ் கோடு சரியாக அந்தத் தூணின் பின்விளிம்பில்தான் இருந்தது. இஞ்சினியர் கோட்டை 200 மி.மீ. பின்னால் தள்ளச் சொன்னார், தூணின் உள்பக்கத் தகட்டைத் தொடவே கூடாது என்றார். கூரையின் பின்விளிம்பிலும் தரையிலும் குறுக்கே சதுரக் குழாய் வைத்து இருபக்கத் தூண்களையும் இணைக்கச் சொன்னார். பிவிசி பைப் கதைதான். அறுத்த இடத்தில் புதிதாக ஒரு வளையம். அன்று திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் சாக்பீஸ் கோட்டை ஈரத்துணியால் அழித்தார்.

அடுத்த கேள்வி, தொட்டி எவ்வளவு நீளம்? அவருக்கு 2.1 மீட்டர் வேணும். நான் கணக்குப் போட்டேன். வண்டியின் வீல்பேஸ் 2730 மி.மீ. கேபின் சுவரும் சிறு இடைவெளியும் போக, தொட்டி முன்னச்சிலிருந்து சுமார் 1800 மி.மீ. தள்ளி ஆரம்பிக்கும். 1.8 மீட்டர் தொட்டி என்றால் அதன் நடுப்புள்ளி 2700-ல் வரும், அதாவது கிட்டத்தட்டப் பின்னச்சுக்கு நேர் மேலே. 2.1 என்றால் நடுப்புள்ளி அச்சைத் தாண்டிவிடும். தாண்டினால் என்ன என்றார். நான்கு கதவையும் வைத்துக்கொண்டு பின்னால் குட்டித் தொட்டி மாட்டுகிறவர்களின் கதையைச் சொன்னேன். அங்கே சரக்கின் நடுப்புள்ளி அச்சுக்கு 700 மி.மீ. பின்னால் போய்விடும். 500 கிலோ விறகு ஏற்றினால் 500 × 700 ÷ 2730, அதாவது முன்சக்கரத்திலிருந்து கிட்டத்தட்ட 130 கிலோ தூக்கப்படும். பின்னச்சில் 630 கிலோ விழும். ஏற்றிய பாரத்தை விட அதிகம்! ஸ்டீயரிங் லேசாகி, ஈர மண்ணில் வண்டி நேரே போகும். கிராமத்தில் மாட்டு வண்டியில் பின்பாரம் ஏற்றினால் நுகத்தடி மேலே எழும்புமே, அதேதான். 1.8-க்கு ஒத்துக்கொண்டார்.

இனி என் தப்பு.

வெட்டுவதற்கு முன் கதவு வாசல்களில் மூலைக்கு மூலை இரும்புக் குழாய் வைத்து முட்டுக் கொடுத்தோம், உடம்பு அசையாமல் இருக்க. பேட்டரியைக் கழற்றி, உள் துணி, சீட், கார்பெட் எல்லாவற்றையும் எடுத்தோம். வெட்டும் வேலை ஒரே நாளில் முடிந்தது. காயலான் கடை எடைமேடையில் வெட்டிய பகுதி, கண்ணாடி, பின்சீட் எல்லாம் சேர்ந்து 170 கிலோ சொச்சம் வந்தது. பழைய லாரி ஒன்றின் கேபின் பின்சுவரை வாங்கி வைத்திருந்தார். அதைப் பொருத்தும்போது இடது பக்க முட்டுக்குழாய் வெல்டிங் டார்ச்சுக்கு இடைஞ்சலாக இருந்தது. "எடுத்துடலாமே, சேஸிஸ் மேலதானே உட்கார்ந்திருக்கு" என்றேன். எடுத்தோம். நாலு இடத்தில் பொட்டு வெல்டு வைத்தோம். மாலையில் கதவை மாட்டிச் சாத்தினால் மூடவில்லை. கதவுக்கும் தூணுக்கும் இடைவெளி கீழே 5 மி.மீ., மேலே 9 மி.மீ.

காரணம் கீழே குனிந்து பார்த்தபோது தெரிந்தது. உடம்பைத் தாங்கிய பின் மவுண்ட்கள் வெட்டியெறிந்த பாதியோடு போய்விட்டன. புதிய பின்சுவருக்குக் கீழே மவுண்ட் எதுவுமே இல்லை. கேபினின் பின்பக்கம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. முட்டு இருந்தவரை தொய்வு தெரியவில்லை. அதை எடுத்ததும் தரை தொங்கியது, தூண் பின்னால் சாய்ந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் பொட்டு வெல்டுகளைக் கிரைண்டரால் எடுத்தார். பின் மூலைகளுக்கு அடியில் ஜாக்கி வைத்து, கதவு இடைவெளி 5-க்கு வரும்வரை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தூக்கினோம். அந்த உயரத்தில் சேஸிஸ் மேல் புது மவுண்ட்களைப் பொருத்தி, முட்டை மறுபடி வைத்து, அப்புறம்தான் சுவர். இரண்டு வாரக் கடைசிகள் போயின. வரிசை முட்டு, மவுண்ட், வெட்டு என்று இருந்திருக்கணும். சாஃப்ட்வேரில் டிபெண்டன்சி பார்க்காமல் எதையாவது நீக்கிவிட்டு உதை வாங்குவது எனக்குப் புதுசில்லை. அங்கே பழைய கோடைத் திரும்ப எடுக்க வசதி உண்டு.

மெல்லிய தகரத்தை ஒரே இழுப்பாக வெல்டு பண்ணினால் சூட்டில் நெளிந்துவிடும். இங்கே ஒரு அங்குலம், எதிர்ப்பக்கம் ஒரு அங்குலம் என்று மாறி மாறி, ஆறவிட்டு ஆறவிட்டு வைத்தார். நம் ஊர் டிங்கர் வேலைக்காரர்கள் செய்வதும் இதுதான்.

தொட்டியைக் கேபினோடு ஒட்டாமல் 50 மி.மீ. இடைவெளி விட்டு சேஸிஸில் தனியாக மாட்டினோம். மேடுபள்ளத்தில் சேஸிஸ் முறுக்கும். கேபினும் தொட்டியும் தனித்தனியாக ஆடணும். இணைத்துவிட்டால் கொஞ்ச நாளில் இணைப்பில் விரிசல் விடும். தொட்டி மாட்டுவதற்காக சேஸிஸின் மேல்விளிம்பில் புது ஓட்டை போடவும் கூடாது. வளையும்போது அதிக இழுவிசை, அமுக்கம் வருவது அந்த விளிம்பில்தான். முன்பே இருந்த ஓட்டைகளைப் பயன்படுத்தினோம்.

பலர் கவனிக்காமல் விடும் விஷயம் பிரேக். பின்னச்சுக்கு மேலே ஒரு வால்வு, அதிலிருந்து ஒரு கம்பி. பின்பக்கம் பாரத்தில் தாழ்ந்தால் பின்சக்கர பிரேக்குக்கு அதிக அழுத்தம், எழும்பினால் குறைவு. 170 கிலோவை எடுத்துவிட்டு வேறொரு எடையில் தொட்டி வைத்தால் பழைய அளவு பொய்யாகிவிடும். அதைத் திரும்பச் சரிசெய்யாமல் வெறும் வண்டியாக மழையில் அழுத்திப் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றும். இன்னொன்று புகை. ஓடும் கேபினுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும், அது புகையைக் கேபின் பக்கம் இழுக்கும். ஆகவே பின்சுவரின் ஒவ்வொரு இணைப்பிலும் சீலர் பூசி, புகைக்குழாயைத் தொட்டியின் ஓரம் வரை நீட்ட வேண்டியிருந்தது. டீசல் ஊற்றும் வாய், வெட்டிய பக்கத் தகட்டோடு போய்விட்டதால் அதற்கும் தொட்டியின் கீழ் தனி பிராக்கெட்.

இதைப் படித்துவிட்டு ஊரில் பழைய ஜீப்பையோ சுமோவையோ வெட்டலாம் என்று கிளம்பிவிடாதீங்க. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. மாட்டினால் ஆர்சியே போகும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

எங்கள் வண்டிக்குக் கையெழுத்து இரண்டாம் தடவையில் கிடைத்தது. முதல் தடவை, குறுக்குக் குழாயின் ஒரு மூலையில் வெல்டு சரியாக இறங்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இருக்கை ஐந்திலிருந்து இரண்டு என்று பதிவுச் சான்றிதழில் மாறியது. இப்போது வாரம் ஒருமுறை விறகு வருகிறது. இடது கதவு சாத்தும்போது மட்டும் கொஞ்சம் தூக்கிச் சாத்தணும். கீலைச் சரிபண்ணலாம் என்று நான் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, முட்டு வைக்காமல் தொடமாட்டேன் என்கிறார்.