புறங்காட்டி வெல்லும் வீராங்கனையர்

போரில் புறமுதுகு காட்டுவது இழுக்கு என்பர் நம் முன்னோர். ஆனால், இலக்குக்கு முதுகைக் காட்டியபடியே வெற்றி காணும் விளையாட்டு ஒன்றும் உண்டு, தோழியரே! அதுவே துடுப்புப் படகுப் போட்டி.

நீண்டு ஒடுங்கிய படகில் எண்மர் ஒருவர் பின் ஒருவராக அமர்ந்து, ஆளுக்கொரு துடுப்பை வலிப்பர். அவர்கள் முகம் பின்நோக்கியே இருக்கும். ஒன்பதாமவள் ஒருத்தி மட்டுமே முன்நோக்கி அமர்ந்து, சுக்கானைப் பிடித்து, குரல் கொடுத்து வழிநடத்துவாள். அவள் சொல்லை நம்பி எண்மரும் ஒரே தாளத்தில் வலிக்க வேண்டும். ஒருத்தியின் துடுப்பு பிந்தினாலும் படகு தடுமாறும். 2000 மீட்டர் தூரத்தை ஏறத்தாழ ஏழு நிமிடங்களில் கடப்பர்.

அமெரிக்காவில் அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் வேற்றுமை கூடாது என்ற சட்டம் 1972-இல் பிறந்தது. அதன் பின் பெண்கள் விளையாட்டு தழைத்தது. கல்லூரிப் பெண்களுக்கான தேசியப் படகுப் போட்டி 1997-இல் தொடங்கிற்று. பெரிய பல்கலைக் கழகங்களோடு சிறிய கல்லூரிகள் எவ்வாறு மோத இயலும்? ஆகவே 2002 முதல் சிறிய கல்லூரிகளுக்கு ‘மூன்றாம் பிரிவு’ எனத் தனிப் போட்டி அமைந்தது. இப்பிரிவில் விளையாட்டுத் திறனுக்காக உதவித்தொகை வழங்குவதில்லை. படிப்புக்கிடையே விருப்பத்தால் மட்டுமே துடுப்பெடுக்கின்றனர்.

இதன் விதி ஒன்று நம் சிந்தனைக்குரியது. ஒவ்வொரு கல்லூரியும் இரண்டு படகுகளை இறக்க வேண்டும். இரண்டின் புள்ளிகளையும் கூட்டியே கோப்பை வழங்கப்படும். முதற்படகு முந்தினால் மட்டும் போதாது. இரண்டாம் படகின் உழைப்பும் வேண்டும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1875-இல் திறக்கப்பட்ட வெல்லெஸ்லி ஒரு மகளிர் கல்லூரி. அங்குள்ள வேபன் ஏரியில் அக்கால மாணவியர் உடல்நலத்துக்காகவே படகு வலித்தனர். படகிலிருந்து பாடுவதும் அவர்கள் வழக்கம். வேகம் அன்று நோக்கமன்று. அக்கல்லூரியே 2016-இல் மூன்றாம் பிரிவின் தேசியப் பட்டத்தை வென்றது!

நம்முள் பலர் இரண்டாம் படகில் இருப்பவர்களே. முதல் மதிப்பெண்ணோ முதற் பரிசோ எல்லோருக்கும் கிட்டுவதில்லை. எனினும் நம் துடுப்பை நாம் தளரவிட்டால் இழப்பு நமக்கு மட்டுமன்று, நம் பள்ளிக்குமே. ஆகவே, எப்படகில் இருப்பினும் சேர்ந்தே வலிப்போம், கரை சேர்வோம்!