புற்று நோய்க்கு ஒளி வைத்தியம்!

ஐயம்பேட்டை, காஞ்சிபுரத்தை அடுத்த நெசவாளர் ஊர். சாயம் போட்ட பட்டு நூலை நிழலில்தான் உலர்த்த வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். வெயில் பட்டால் சாயம் மங்கும்.

சாயத்தையும் ஒளியையும் சேர்த்துப் புற்று நோயை அழிக்கவும் முடியும்!

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில், மியூனிக் நகரில், ஆஸ்கார் ராப் என்ற மாணவர் சாயம் கலந்த நீரில் சிற்றுயிர்களை விட்டார். இருட்டில் அவை பிழைத்தன. வெளிச்சத்தில் செத்தன. ஒளி வைத்தியம் இதிலிருந்து பிறந்தது.

எப்படிச் செய்கிறார்கள்?

சாயம் போன்ற ஒரு மருந்தை ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். அது புற்று உள்ள இடத்தில் அதிகமாகத் தங்கும். சுமார் 2 நாள் கழித்து, மெல்லிய இழை வழியாகச் சிவப்பு ஒளியை உள்ளே பாய்ச்சுகிறார்கள். மருந்து விழித்துக் கொள்ளும். பிராண வாயுவின் துணையோடு புற்று அணுக்களைக் கொல்லும். பிறகு ஒரு மாதமாவது நோயாளி வெயிலில் போகக் கூடாது!

உணவுக் குழாயை அடைக்கும் புற்றுக்கு, 1995-ல் அமெரிக்கா இதை அனுமதித்தது. காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணா, 1969-ல் உணவுக் குழாய்ப் புற்று நோயால்தான் மறைந்தார்.

குடல் புற்றுக்கு?

இந்த ஒளி சதைக்குள் ஒரு சென்டி மீட்டர் ஆழம் கூடப் போகாது. பெரிய கட்டிக்குப் போதாது. ஆகவே, குடல் புற்றுக்கு இது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. ஆபரேஷன்தான் முக்கிய வைத்தியம். ஆரம்பத்திலேயே கண்டு பிடித்தால் பெரும்பாலும் குணமாக்கலாம்.

மலத்தில் ரத்தமா? "மூலம்தான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா பெயரால் அரசுப் புற்று நோய் மருத்துவமனை இருக்கிறது. உடனே டாக்டரிடம் காட்டுங்கள்!