பழங் கைக்கடிகாரமும் காலப் பிழையும்

துப்புரவு செய்து செப்பனிட்ட பின்னரும் பழைய கைக்கடிகாரம் நேரந் தவறுமாயின், அதன் காரணத்தை ஊகத்தாலன்றிச் சோதனையாலேயே துணிதல் வேண்டும். 1675ஆம் ஆண்டில் ஒல்லாந்த அறிஞர் ஹைகன்ஸ் வெளியிட்டவாறு, மயிர்வில்லோடு கூடிய சமநிலைச் சக்கரமே கைக்கடிகாரத்தின் உயிர்நிலையாகும். பழங் கடிகாரங்கள் பலவற்றில் அது மணிக்கு 18,000 முறை அடிக்கும். அவ்வேகத்தில் ஆயிரத்திலொரு பங்கு பிழைப்பினும் நாளொன்றில் 86 விநாடி மாறிவிடும்.

முதற்கண் நோக்கற்பாலது சக்கரத்தின் வீச்சம். முழுதும் முறுக்கிய கடிகாரத்தை முகம் மேல்நோக்க வைக்குங்கால் அது ஏறக்குறைய 270 பாகையாக இருத்தல் நன்று. 200 பாகைக்குக் குறையின், தளர்ந்த பிரதான வில்லோ, எஞ்சிய அழுக்கோ, தேய்ந்த அச்சுமுனையோ காரணமாகலாம்.

கடிகாரம் திடீரெனப் பல நிமிடம் முந்துமாயின் மயிர்வில்லை ஆராய்தல் வேண்டும். காந்தமேறினும் எண்ணெய் படியினும் அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். தொழிற்படும் நீளம் குறைய, அடிப்பு விரைவுறும். கிடைநிலையில் ஒழுங்காக ஓடுவது, நிறுத்திப் பிடித்த நிலைகளில் வேறுபடின், சக்கரத்தின் எடை ஒருபுறஞ் சாய்ந்திருத்தல் கூடும். அடிப்பொலிகளின் இடைவெளி சமமின்றேல், மயிர்வில் பொருத்தப்பட்ட நிலையைத் திருத்தல் வேண்டும்.

இவற்றை ஆராயாது வேகந் திருத்தும் முள்ளை மட்டும் நகர்த்துவோர் நோயை மறைப்பாரேயன்றித் தீர்ப்பாரல்லர். அழுக்கிடைச் சுழலும் அச்சுமுனை மேன்மேலும் தேயும். பழங் கடிகாரங்கள் பலவற்றுக்கு மாற்றுறுப்புகள் இன்று செய்யப்படுவதில்லையாதலின், அவ்விழப்பு ஈடுசெய்தற்கரியது.