நன்றாய் நடப்பது எதனால்?

சங்கத்தின் பொதுக்கூட்டம் கூடினால் நாம் முதலில் எடுப்பது குறைகளின் பட்டியலையே. நூல் வரத் தாமதம், கடன் பாக்கி, தேங்கிய சரக்கு என்று பேசிப் பேசி மனம் சோர்ந்து கலைகிறோம். குறை கூறலாகாது என்பதன்று நம் கருத்து; தணிக்கையில்லாத சங்கம் நிலைக்காது. ஆயினும், கேள்வியையே மாற்றிக் கேட்டுப் பார்த்தவர்களும் உண்டு.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், 1980ஆம் ஆண்டில் டேவிட் கூப்பர்ரைடர் என்னும் ஆராய்ச்சி மாணவர் ஒரு பெரிய மருத்துவ நிலையத்தின் கோளாறுகளை ஆராயப் புகுந்தார். அங்கு நிலவிய ஒத்துழைப்பே அவர் கருத்தைக் கவர்ந்தது. ஆசிரியர் சுரேஷ் ஸ்ரீவஸ்தவாவின் ஊக்கத்தால், அந்த ஸ்தாபனம் சிறப்பாக நடக்கும் வேளையில் எதனால் அவ்வாறு நடக்கிறது என்று விசாரிக்கலானார். 1987இல் இருவரும் இம்முறையைக் கட்டுரையாக வெளியிட்டனர்.

ஏட்டில் இனிக்கும் இது வயலில் பலிக்குமா? இதற்கு உறவான வேறொரு முறை வியட்நாமில் பலித்தது. 1990 டிசம்பரில் ஜெர்ரி ஸ்டெர்னினும் அவர் மனைவி மோனிக்கும் குழந்தைகளின் ஊட்டக் குறைவைப் போக்க அங்கே சென்றனர். அரசாங்கம் அளித்த தவணை ஆறே மாதம். தான் ஹோவா மாகாணத்துக் கிராமங்களில் குழந்தைகளை நிறுத்துப் பார்த்தபோது, பரம ஏழைக் குடும்பங்களிலும் சில குழந்தைகள் நல்ல புஷ்டியுடன் இருந்தன. அந்தத் தாய்மார் நெல் வயலில் பொறுக்கிய சிறு இறாலையும் நண்டையும், சர்க்கரைவள்ளிக் கீரையையும் சோற்றில் சேர்த்து வந்தனர். இவை குழந்தைக்கு ஆகாதென்பது ஊர் நம்பிக்கை! மேலும், பிறர் இருவேளை ஊட்ட, இவர்கள் மூன்று நான்கு வேளை ஊட்டினர்.

இதைக் கண்டறிந்ததும் எவரும் பிரசங்கம் செய்யவில்லை. நாம் மிகவும் மெச்சுவது இதைத்தான். தாய்மார் ஓரிடத்தில் கூடிச் சமைத்தனர். வருகிறவள் ஒரு பிடி இறாலோ நண்டோ கீரையோ கொண்டுவர வேண்டும். அதுவே நுழைவுக் கட்டணம். கை பழகியது; பழக்கம் வீட்டிற்கும் சென்றது.

நம் சங்கங்களிலும் அதே நூலை வாங்கி, அதே மாதிரித் தறியில் நெய்து, சேதாரம் குறைவாகக் காட்டும் நெசவாளர் இருப்பார். அவருக்கு மாலையிட்டு அமர்த்திவிடுவதால் பயனில்லை. நான்கைந்து பேர் அவர் தறியருகே அமர்ந்து பார்க்க வேண்டும். ஆனால் அவர் மனம் திறந்து காட்டுவாரா? தம் கணக்கைக் கொண்டு எல்லோருக்கும் சேதார அனுமதியைக் குறைத்துவிடுவார்களோ என்று அஞ்சுவார். அச்சம் நியாயமானதே. அவ்வாறு குறைப்பதில்லை என்ற தீர்மானத்தை நிர்வாகக் குழு முதலில் நிறைவேற்றட்டும். தறியருகே செல்வது அதன் பிறகு.