வணிக அறமும் மனிதப் பண்பும்

உயர்தர வகுப்பிலே கணக்கீடும் வணிகக் கல்வியும் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் பலர், "இப்படிப்பினால் என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்று எம்மிடம் வினவுவதுண்டு. நியாயமான கேள்விதான். ஆயினும், இப்படிப்பினால் பிள்ளை எத்தகைய மனிதராக வளரும் என்பதையும் உடன் கேட்டுக்கொள்ளுதல் நன்று. நாணயமான வாணிபம் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை ஊன்றிக் கற்பவரிடத்து ஒரு நற்பழக்கம் உண்டாகின்றது. விற்கும்போது வாங்குபவரின் இடத்திலும், வாங்கும்போது விற்பவரின் இடத்திலும் தம்மை நிறுத்திப் பார்க்க அவர் பழகுகின்றார். திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் வணிகருக்கு உணர்த்தும் நெறியும் இதுவேயாகும்.

இதற்கு எடுத்துக்காட்டாக ஒரு சிறிய பலசரக்குக் கடையின் வரலாற்றைக் கூற விரும்புகின்றேன். இங்கிலாந்திலே மான்செஸ்டர் நகருக்கு அண்மையில் றொச்டேல் என்றோர் ஊர் உண்டு. கம்பளி நெசவுக்குப் பேர்போனது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்வூர்த் தொழிலாளர் குறைந்த கூலியால் மட்டுமன்றிக் கலப்படத்தாலும் வருந்தினர். அக்காலத்தில் இங்கிலாந்துக் கடைகளிலே பாணுக்குரிய மாவில் படிகாரம் கலந்தனர். ஒருமுறை ஊறிய தேயிலையை உலர்த்திச் சாயமேற்றி மீண்டும் விற்றனர். இரசாயன அறிஞரான பிரெடரிக் அக்கும் 1820இலேயே நூலெழுதி எச்சரித்தும், கலப்படத்திற்கு எதிரான முதற் பொதுச் சட்டம் 1860இலேதான் நிறைவேறியது. கடைக்காரரிடம் கடன்பட்டிருந்த ஏழையோ, சரக்கின் தரத்தைப்பற்றி வாய்திறக்கவும் இயலாதவராயிருந்தார்.

இந்நிலையிலே நெசவாளரும் பிற தொழிலாளருமாகிய இருபத்தெண்மர் ஒன்றுகூடினர். வாரந்தோறும் சில பென்ஸ் வீதம் சேர்த்து, ஆளுக்கொரு பவுணாக 28 பவுண் திரட்டினர். 1844ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆந் திகதி இரவு, டோட் லேன் என்னும் தெருவில் ஒரு பண்டசாலையின் கீழ்த்தளத்திலே கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சீனி, ஓட்ஸ் மா, சில மெழுகுதிரிகள், இவையே அன்றைய சரக்கு.

அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகளைச் சிறிது நோக்குவோம். சரக்கு கலப்படமற்றதாயிருத்தல் வேண்டும், நிறை சரியாயிருத்தல் வேண்டும், கைக்காசுக்கே விற்பனை, ஆணாயினும் பெண்ணாயினும் அங்கத்தவர் ஒருவருக்கு ஒரு வாக்கு, மிகுதியாகும் இலாபம் அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பங்கிடப்படும். இவ்விதிகளில் சில கடைக்காரரை மட்டுமன்றி வாங்குபவரையும் கட்டுப்படுத்தின. முன்னர் அதே ஊரில் தோன்றிய கூட்டுறவுக் கடையொன்று கடன் கொடுத்தே 1835இல் மூடப்பட்டது. அதனைப் படிப்பினையாகக் கொண்டே இவர்கள் கடனை விலக்கினர். கையிலுள்ள காசுக்கேற்ப வாழ்வதற்கு அங்கத்தவர் பழக வேண்டியிருந்தது. தாமே முதலாளியாகவும் தாமே வாடிக்கையாளராகவும் இருந்தமையால், நிறையைக் குறைப்பது தம் வீட்டுச் சட்டியில் மாவைக் குறைப்பதாகும் என்பது அவர்களுக்கு வெளிச்சமாயிற்று.

அவர்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. வாசிகசாலையும் நூலகமும் அமைத்தனர். பின்னர், மிகுதி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதத்தைக் கல்விக்கென ஒதுக்கினர். நாள் முழுதும் தறியில் உழைத்தவர்கள் கூட்டங்களில் எழுந்து பேசவும், கணக்கைப் பரிசோதிக்கவும், மாற்றுக் கருத்தைப் பொறுமையுடன் கேட்கவும் கற்றனர். நேர்மையான கடையொன்றை நடத்த முயன்ற அவர்களை அம்முயற்சியே பண்படுத்தியது எனலாம்.

றொச்டேலில் விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். நமது காலத்திலோ நாம் அணியும் சட்டையைத் தைத்தவர் யாரென்பதை நாம் அறியோம். அவரும் நம்மை அறியார். இவ்விடைவெளி எத்துணைப் பெருங்கேட்டுக்கு இடமளிக்கும் என்பதைப் பங்களாதேசத்திலே நிகழ்ந்த அவலமொன்று காட்டிற்று. டாக்காவுக்கு அண்மையில் சவார் என்னுமிடத்தில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆந் திகதி அதன் சுவர்களிலே பெரும் வெடிப்புகள் காணப்பட்டன. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்மாடிகளிலிருந்த ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளரோ மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டனர். வராவிடின் சம்பளம் இல்லையென்ற அச்சுறுத்தலும் இருந்தது. மறுநாட் காலையிலே கட்டடம் இடிந்து வீழ்ந்தது. 1,100க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இச்செய்தியை எமது பாடசாலையில் வகுப்பொன்றிலே கூறியபோது, மாணவியொருத்தி எழுந்து, "சேர், சுவரிலே கண்ட வெடிப்பை இலாப நட்டக் கணக்கில் எந்தப் பக்கத்தில் எழுதுவது?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. அக்கணக்கில் அதற்கு இடமில்லை என்பதே உண்மை. குறித்த நாளிலே சரக்கை அனுப்பத் தவறினால் உண்டாகும் நட்டம் ரூபாயிலே எழுதப்படும். கூரையின் கீழ் நிற்பவருடைய உயிருக்கு நேரும் ஆபத்து எழுதப்படுவதில்லை. கணக்கேடு காட்டாததைக் காண்பதற்கு மனிதருடைய மனம் பயின்றிருத்தல் வேண்டும். அப்பயிற்சியை அளிக்காத வணிகக் கல்வி குறையுடையதே.

அவ்வவலத்தின் பின், 2013 மே மாதத்திலே, ஆடை வாங்கும் கம்பனிகள் பலவும் தொழிற்சங்கங்களும் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கையொன்றைச் செய்துகொண்டன. சட்டப்படி கட்டுப்படுத்தும் அவ்வுடன்படிக்கையின் கீழ்த் தொழிற்சாலைக் கட்டடங்களைப் பொறியியலாளர் சோதிக்கலாயினர். தொலைவிலிருந்து வாங்குபவருக்கும் பொறுப்புண்டு என்பது அங்ஙனம் எழுத்திலே ஏறியது. அதற்காகக் கொடுக்கப்பட்ட விலையை நினைக்கும்போது நெஞ்சு கனக்கின்றது. ஆடைத் தொழிலை முக்கிய ஏற்றுமதித் தொழிலாகக் கொண்ட நமது நாட்டவர்க்கு இது அயலார் செய்தியன்று. நம் வீட்டுப் பெண்பிள்ளைகளும் அத்தகைய தொழிற்சாலைகளுக்கே வேலைக்குச் செல்கின்றனர்.

றொச்டேல் காட்டிய வழியும் நமக்குப் புதியதன்று. இலங்கையிலே கூட்டுறவு நாணய சங்கங்களுக்கான சட்டம் 1911இல் வந்தது. இரண்டாவது உலகப் போர்க்காலத்திலே பங்கீட்டுப் பொருள்களை வழங்கிய சங்கக்கடைகள் ஊர்தோறும் பரவின. யாழ்ப்பாணத்து மூளாய்க் கிராமத்து மக்கள் 1930களிலே கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே நிறுவினர். சில சங்கங்கள் செழித்ததும், சில நிருவாகச் சீர்கேட்டால் நலிந்ததும் முதியோர் அறிந்தவையே. இரண்டும் மாணவர்க்குப் பாடமாக வேண்டியவை.

ஆதலின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையை அயலிலுள்ள சங்கத்தின் பொதுக் கூட்டத்திற்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். வாசிக்கப்படும் ஐந்தொகையைக் கவனிக்கச் செய்யுங்கள். வீட்டுக்கு வந்தபின், அக்கணக்கிலே யாருடைய உழைப்பு வெளிப்பட்டது, யாருடைய இடர் மறைந்திருந்தது என்று கேளுங்கள். முதல்முறை விடை வராதிருக்கலாம். கேள்வி மனத்திலே தங்கிவிடும். நாளை அப்பிள்ளை ஒரு கடையின் கல்லாவிலோ, ஒரு கம்பனியின் மேசையிலோ அமர்ந்து கையொப்பமிட வேண்டிய வேளையில், அது மீண்டும் எழுந்து பதில் கேட்கும்.