உலக்கை பேனாவான கதை

கருங்காலி என்றதும் நம் நினைவுக்கு வருவது, கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டும் மரம்தான். லேத்தில் ஏற்றிப் பார்த்தால், அந்தப் பெயர் முழுக்கப் பொய்யில்லை என்று தோன்றும்! தண்ணீரில் போட்டால் மூழ்கும் கனம். சூடு பட்டால் வெடிப்பு.

ஊர் வீட்டை விற்றபோது அம்மாவின் கருங்காலி உலக்கை மட்டும் என்னோடு தில்லிக்கு வந்தது. ஃபிளாட்டில் நெல் குத்த இடமேது? ஓய்வு பெற்றபின் அதில் பேனா கடையத் தொடங்கினேன். ஒரு துண்டு வெடித்தாலும் கடையில் வாங்கி ஈடுகட்ட முடியாத மரம், அவசரமே கூடாது.

முதலில் 7 மில்லிமீட்டர் துளை. கொஞ்சம் இறங்கியதும் டிரில் பிட்டை வெளியே எடுத்து, தூளைத் தட்டி, ஆறவிட வேண்டும். பிறகு பித்தளைக் குழாயைச் செருகிப் பசையிட்டு, ஒரு நாள் காயவிட்டு, கூரான உளியால் மெல்லச் சீவ வேண்டும். உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் மறுபடியும் சூடு, மறுபடியும் வெடிப்பு. தூள் மூச்சுக்கு ஆகாது, முகமூடி அவசியம். வண்ணம் வேண்டாம், மெழுகு தடவினாலே கறுப்பு மின்னும்.

இதுவரை ஐந்து பேனாக்கள் தேறியுள்ளன, பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாக. கொள்ளுப்பாட்டி நெல் குத்திய மரத்தைப் பிடித்து அவர்கள் 'அ, ஆ' எழுதுகிறார்கள். பூண் போட்ட அடித்துண்டை மட்டும் நான் வெட்டுவதாக இல்லை.